வன்னியில வாற கான்சர் வன்னிக் கணக்கிலதான் விழோணும், அதுக்கு நாங்கள் செய்யக்கூடிய அலுவல்கள்

இலங்கையில, வன்னிப் பக்கம் முல்லைத்தீவிலதான் எங்கட ஊர். எங்கட சின்னம்மா கச்சான் தோட்டத்தில நிக்கேக்கதான் தன்ர மார்பில ஒரு கட்டி இருக்கிறதைக் கண்டவ, வேர்வை துடைக்கேக்க கையில தட்டுப்பட்டதாம், பயத்தில ரெண்டு மாதம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறகு சொல்லி, கிளினிக்கில காட்டி, கட்டியில சின்னத் தசைத்துண்டு எடுத்துச் சோதிக்கிற பயொப்சி செய்து, கான்சர் எண்டு முடிவு வந்து, யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில நிண்டு வைத்தியம் செய்தம். பதியிற இடத்தில விலாசம் கேட்டவை. நாங்கள் நிண்ட வீட்டு விலாசத்தைக் குடுத்தம், கடிதம் ஏதும் வந்தால் கெதியாக் கிடைக்கும் எண்ட ஒரே நினைப்பில. மூண்டு வருசத்தால சின்னம்மா ஊரில வீட்டிலயே மோசம் போனா. சாவைப் பதியப் போன இடத்தில என்ன வருத்தம் எண்டு கேக்க, எங்கட பக்கத்தால போன பெடியன் "கடைசியில மூச்செடுக்கக் கஸ்ரப்பட்டவ" எண்டு சொல்ல, தாளில நெஞ்சு வருத்தம் எண்டு விழுந்திட்டுது.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. நாட்டின்ர கணக்கில யாழ்ப்பாணத்தில ஒரு மனுசிக்கு மார்புப் புற்றுநோய் வந்திருக்கு, முல்லைத்தீவில ஒரு மனுசி நெஞ்சு வருத்தத்தில செத்திருக்கு. முல்லைத்தீவில மார்புப் புற்றுநோய் வந்து செத்த ஒரு மனுசி எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. எங்கட சின்னம்மா அந்தக் கணக்கில இல்லவே இல்லை. இதை நான் விளங்கிக்கொள்ளக் கன வருசம் எடுத்தது, விளங்கின பிறகு சும்மா இருக்க ஏலாமல்தான் இதை எழுதுறன்.

ஏன் இந்தக் கணக்கு இவ்வளவு முக்கியம் எண்டால், ஆராய்ச்சிக் காசு எப்பவும் எண்ணிக்கைக்குப் பின்னாலதான் போகும். எங்க எத்தினை பேருக்கு என்ன கான்சர் எண்டு தெரியாத இடத்தில ஒருத்தரும் ஆய்வு தொடங்க மாட்டினம், ஆய்வு இல்லாத இடத்துக்கு பிறகு கிளினிக்கும் பிந்தித்தான் வரும். 2012 சனத்தொகைக் கணக்கில முல்லைத்தீவு மாவட்டத்தில கிட்டத்தட்ட 92 ஆயிரம் பேர்தான். கான்சர் கணக்கை ஒரு லட்சம் பேருக்கு எத்தினை எண்டு சொல்லுவினம். அப்ப முல்லைத்தீவில ஒரே ஒரு ஆள் விடுபட்டாலே அந்த எண்ணில ஒண்டுக்கு மேல குறையும். கொழும்பு மாவட்டத்தில அதே கணக்கெடுப்பில 23 லட்சம் சனம், அங்க ஒரு ஆள் விடுபட்டால் ஒண்டும் தெரியாது. எங்களைப் போல சின்ன மாவட்டத்துக்குத்தான் ஒவ்வொரு தாளும் பெறுமதி, பத்துப் பேர் யாழ்ப்பாண விலாசத்தில போய் விழுந்தால் முல்லைத்தீவில கான்சர் குறைவு எண்டு ஒரு பொய் உண்மையாகிப் போகும்.

இலங்கையில கான்சருக்கு எண்டு தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980ல தொடங்கினது, கொழும்பில நாரஹேன்பிட்டியில இருக்கு. நாடு முழுக்கச் சேர்ற கான்சர் ரெஜிஸ்ரியை, அதாவது ஆருக்கு என்ன கான்சர் வந்தது எண்டு பதியிற பதிவேட்டை, அவைதான் புத்தகமாப் போடுறவை. கனகாலம் அது ஆஸ்பத்திரிக்கு வந்த ஆக்களை வைச்ச கணக்கு. ஒரு பிரதேசத்தில குடியிருக்கிற சனத்தை வைச்சு எண்ணுற ரெஜிஸ்ரி 2012ஆம் ஆண்டுத் தரவோட முதல் வந்தது கொழும்பு மாவட்டத்துக்குத்தான். ரெண்டுக்கும் வித்தியாசம் பெரிசு. முதலாவது வகை ஆஸ்பத்திரிக் கதவால உள்ள வந்தவையைத்தான் எண்ணும், ரெண்டாவது வகை இந்த மாவட்டத்து ஆள் கண்டிக்குப் போய் வைத்தியம் செய்தாலும் மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்தாலும் தேடிப் பிடிச்சு இந்த மாவட்டத்தில எழுதும், செத்தவையின்ர பதிவையும் பார்க்கும். ரெண்டாவது வகைக்கு உயிர் குடுக்கிறது விலாசமும் சாவுப் பதிவும்தான், நாங்கள் பிழை விட்டதும் அந்த ரெண்டிலயும்தான்.

சரி, செய்ய வேண்டியதுக்கு வாறன்.

முதல் வேலை விலாசம். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எவ்வளவு நாள் சொந்தக்காரர் வீட்டில நிண்டாலும், பதியேக்க நிரந்தர விலாசம் எண்டு உங்கட ஊர் விலாசத்தைக் குடுங்கோ, மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, ஜிஎஸ் (கிராம சேவகர்) பிரிவு மூண்டையும் சொல்லுங்கோ. தற்காலிகமா நிக்கிற வீட்டு விலாசமும் போன் நம்பரும் வேறயாக் குடுக்கலாம், "இது நிக்கிற இடம், அது சொந்த இடம்" எண்டு வாயைத் திறந்து சொல்லோணும், எழுதுறவைக்கு நாப்பது பேர் வரிசையில நிக்கினம், அவையாக் கேக்க மாட்டினம். கன பேருக்கு அடையாள அட்டையில பழைய விலாசம் இருக்கும். யுத்தத்தில இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில இருந்து, பிறகு மீள்குடியேறி வந்த சனத்தில அட்டையை மாத்தாத ஆக்கள் இன்னும் இருக்கினம். அட்டையைப் பார்த்து எழுதினால் அதுதான் விழும். அதால ஜிஎஸ்ஸிட்ட ஒரு வதிவிட உறுதி எடுத்து ஃபைலில வையுங்கோ.

அந்த ஃபைலைப் பற்றியும் சொல்லோணும். எங்கட வீடுகளில வைத்தியத் தாள்கள் சொப்பிங் பையில சுருட்டித்தான் கிடக்கும், மழைக்கு ஒழுகி, எலி கடிச்சு, மை கலைஞ்சு. பொத்தான் போட்ட பிளாஸ்ரிக் ஃபைல் ஒண்டு வாங்குங்கோ. எல்லாத்துக்கும் மேல வைக்க வேண்டியது பயொப்சி ரிப்போட், ஏனெண்டால் கான்சர் எண்டு உறுதியாச் சொல்லுற தாள் அதுதான், எந்த இடத்துக் கான்சர், என்ன வகை, எல்லாம் அதிலதான் இருக்கும். மேல மூலையில ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பரைத் திகதியோட ஒரு கொப்பியில தனிய எழுதி வையுங்கோ. தாள் துலைஞ்சாலும் அந்த நம்பரையும் திகதியையும் வைச்சுத் தேடிப் பிடிக்கலாம், ரெண்டும் இல்லாட்டி திரும்ப ஊசி குத்தித் தசை எடுக்க வேண்டி வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன், அது பாவம். போனில போட்டோ எடுத்து வெளியில இருக்கிற பிள்ளைக்கு வட்ஸ்அப்பில அனுப்பி விடுங்கோ, ஒரு கொப்பி அங்க கிடக்கட்டும். கிளினிக் கொப்பி முடிஞ்சு புதுசு தந்தால் பழசை எறியாதேங்கோ.

அடுத்தது சொல்லக் கஸ்ரமான விசயம். வருத்தக்காரர் வீட்டில மோசம் போனால், செத்தவீட்டு அலுவலுக்குள்ள பதிவுக்கு ஓடுறது கன நேரம் வீட்டாக்கள் இல்லை, பக்கத்து வீட்டுப் பெடியனோ மருமகனோதான். அவரிட்ட வாயால சொல்லி விடாமல் பயொப்சி ரிப்போட்டின்ர கொப்பியையும் கிளினிக் கொப்பியையும் கையில குடுத்து விடுங்கோ, காரணம் கேட்டால் இதைக் காட்டு எண்டு. மூச்சு நிண்டதும் நெஞ்சு நிண்டதும் எல்லாச் சாவிலயும் நடக்கிறதுதான், அதுக்கு முதல் என்ன வருத்தம் இருந்தது எண்டதுதான் பதிவுக்கு வேணும். கான்சர் எண்டு எழுதினால் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்க கதை வரும் எண்டு பயந்து மறைக்கிற வீடுகள் எங்கட ஊரிலயும் இருக்கு. அந்தப் பயத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன், நாங்களும் "அந்த வருத்தம்" எண்டுதான் ரெண்டு வருசம் சொன்னனாங்கள். ஆனால் ரெஜிஸ்ரிப் புத்தகத்தில பேர் வராது, எண்ணிக்கைதான் வரும். மறைச்சால் உங்கட பிள்ளைக்குத்தான் நட்டம், தாய்க்கு இந்த வருத்தம் இருந்தது எண்டு தெரிஞ்சால்தானே அவள் நேரத்தோட போய்க் காட்டுவாள்.

முந்திச் செத்தவையை என்ன செய்யிறது எண்டு கேப்பியள். இங்கதான் எங்கட ஊர்களில ஒரு பெரிய சொத்து இருக்கு, ஒருத்தரும் அதைச் சொத்து எண்டு நினைக்கிறதில்லை. மரண உதவிச் சங்கக் கொப்பி. எந்தக் குடும்பம், எந்தத் திகதி, எவ்வளவு காசு குடுத்தது எண்டு வரிசையா எழுதியிருக்கும், சில கொப்பியில வயசும் இருக்கும். மீள்குடியேறின பிறகு நடந்த சாவெல்லாம் அதில இருக்கு. சங்கத்துக் கூட்டத்தில ஒரு தீர்மானம் எடுத்து, இனிமேல் எழுதேக்க "என்ன வருத்தம், எங்க வைத்தியம் செய்தது" எண்டு ரெண்டு கட்டம் கூடப் போடுங்கோ, குடும்பம் விரும்பிச் சொன்னால் மட்டும். பழைய பக்கங்களுக்கு ஊர் மருத்துவமாதுவிட்டக் கேளுங்கோ, அவவுக்கு ஒவ்வொரு வீட்டுக் கதையும் தெரியும், கதையைச் சொல்லச் சொல்லிக் கேக்காமல் எப்பிடித் திருத்திப் பதியலாம் எண்டு கேளுங்கோ. அந்தக் கொப்பியைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போடுற வேலை மட்டும் வேண்டாம், அது சனத்தின்ர உள்வீட்டு விசயம்.

ஒரு கிராமத்துக் கணக்கால என்ன நடந்திடப் போகுது எண்டு நினைக்கிறவைக்கு திண்டுக்கல்லைப் பற்றிச் சொல்லோணும். தமிழ்நாட்டில திண்டுக்கல் மாவட்டத்தில அம்பிளிக்கை எண்டு ஒரு இடம், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில, தோட்டக்காட்டுச் சனம். 1990களில அங்க கிராமத்துச் சனத்தை வைச்சு எண்ணுற கான்சர் ரெஜிஸ்ரி ஒண்டைத் தொடங்கினவை. அந்தக் கணக்கு இருந்தபடியால்தான் 2000ல ஒரு பெரிய ஆய்வு அங்க போனது. ஊர்களை 114 கூட்டமாப் பிரிச்சு, அரைவாசியில 30 தொடக்கம் 59 வயசுப் பெண்களுக்கு பழக்கின நேர்ஸ்மார் கருப்பை வாசலில வினாகிரி தடவி வெறும் கண்ணால பார்த்தவை, வெள்ளையா மாறின இடம் இருந்தால் அங்கயே வைத்தியம். அடையார் கான்சர் இன்ஸ்ரிரியூட்டும் பிரான்சில லியோன் நகரத்தில இருக்கிற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. 2007ல முடிவு வந்தது, பரிசோதிச்ச ஊர்களில கருப்பை வாசல் கான்சர் 25 சதவீதம் குறைவு, அதால வந்த சாவு 35 சதவீதம் குறைவு. பெரிய மிஷின் இல்லை, ஒரு போத்தல் வினாகிரியும் பழக்கின கையும் ரெஜிஸ்ரிக் கொப்பியும்தான். எத்தினையோ நாடுகள் இண்டைக்கு அந்த முடிவை எடுத்துக் கதைக்கினம்.

அதே ஆய்வில எனக்கு மனம் ஒப்பாத ஒரு பக்கமும் இருக்கு. மற்ற அரைவாசி ஊர்ப் பெண்களுக்கு அந்தக் காலத்தில பரிசோதனை குடுக்கேல்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக. அது சரியோ எண்டு பிறகு பெரிய விவாதமே நடந்தது. அதால ஆய்வு எண்டு ஆர் வந்தாலும் கதவைச் சாத்தாதேங்கோ, சும்மா கையெழுத்தும் வைக்காதேங்கோ, கதிரை குடுத்து இருத்திக் கேளுங்கோ. ஆய்வில சேர்ற சனத்துக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கிற எதிக்ஸ் கொமிட்டியிட்ட அனுமதி எடுத்ததோ, எந்தக் கொமிட்டி, நம்பர் என்ன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில அப்பிடியொரு கொமிட்டி இருக்கு, வன்னிக்கு வாற கன ஆய்வுகள் அதுக்குள்ளாலதான் வரும். தகவல் தாள் தமிழில இருக்கோ, ஒரு கொப்பி எனக்குத் தருவியளோ. இடையில வேண்டாம் எண்டால் விலகலாமோ, விலகினால் என்ர வைத்தியத்துக்கு ஏதும் குறை வருமோ. நான் எந்தக் கூட்டத்தில இருப்பன், மற்றக் கூட்டத்துக்கு என்ன குடுப்பியள். எடுக்கிற இரத்தமும் தசையும் எங்க போகும், எவ்வளவு காலம் வைப்பியள். முடிவு வந்தால் எங்கட ஊருக்கு வந்து சொல்லுவியளோ. கடைசிக் கேள்விக்கு ஆம் எண்டு சொல்லாத ஆக்களை நான் நம்ப மாட்டன். மருந்து பரிசோதிக்கிற ஆய்வு எண்டால் இலங்கை மருத்துவச் சங்கம் 2006ல தொடங்கின ஒரு பதிவேடு இருக்கு, இன்ரர்நெற்றில ஆரும் தேடிப் பார்க்கலாம், அதில பதிஞ்சதோ எண்டும் கேளுங்கோ.

எங்கட பக்கம் ஆய்வு செய்ய விசயம் இல்லாமல் இல்லை. ஆம்பிளையளில வாய்ப் புற்றுநோய் இலங்கையில முன்னுக்கு நிக்கிற ஒண்டு. வயலுக்கும் கடலுக்கும் போறவை வெத்திலையோட பாக்கு, சுண்ணாம்பு, போயிலை எல்லாம் போட்டுக் கொடுப்புக்குள்ள அடக்கி வைச்சுக்கொண்டு முழு நாளும் வேலை செய்யிறதை நாங்கள் தினமும் பார்க்கிறம். போயிலை மட்டும்தான் கூடாது எண்டு நினைக்கிறவை கன பேர். வெறும் பாக்கே கான்சரை உண்டாக்கும் எண்டு அந்த லியோன் நிறுவனம் 2004ல புத்தகமாவே போட்டிட்டுது. 1984ல இலங்கையிலயே ஒரு ஆய்வு வந்தது, டொக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பழக்கி விட்டு 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட சனத்தின்ர வாயைப் பார்க்க வைச்சவை, அவையாலயே கான்சருக்கு முந்தின வெள்ளைத் திட்டுகளைக் கண்டுபிடிக்க ஏலும் எண்டு காட்டினது. நாப்பது வருசத்துக்கு முந்திக் காட்டின விசயம். அதைத் துணுக்காயிலயும் ஒட்டுசுட்டானிலயும் பூநகரியிலயும் ஒழுங்காச் செய்து எழுதி வைச்சால் அதுவே ஆராய்ச்சி. இன்னொண்டு, யுத்தத்தில விழுந்த செல்லின்ர புகையாலதான் எங்கட சனத்துக்குக் கான்சர் எண்டு சொல்லுறவை இருக்கினம், வயல் மருந்தாலதான் எண்டு சொல்லுறவை இருக்கினம். எனக்கும் அந்தக் கேள்வி நெஞ்சுக்குள்ள இருக்கு. ஆனால் எண்ணாமல் அதுக்கு ஒருத்தராலயும் பதில் சொல்ல ஏலாது, இண்டைக்குச் சரியா எழுதுற விலாசம்தான் பத்து வருசத்தால அந்தக் கேள்வியைக் கேக்கவே விடும்.

காசு விசயம். எங்கட ஆக்களுக்குக் காசு சேர்க்கத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. 2011ல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றர் நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பளையில கான்சர் ஆஸ்பத்திரி எழும்பினது, அந்த நடை வன்னியைக் கடந்துதான் போனது, இண்டைக்கு வன்னிச் சனமும் அங்கதான் போகுது. கட்டடத்துக்கும் மிஷினுக்கும் காசு வரும், அதில ஒரு பேர்ப்பலகை அடிக்கலாம். ஆராய்ச்சிக்கும் ரெஜிஸ்ரிக்கும் வேணுமெண்டது ஒரு ஆளின்ர சம்பளம், அதில பேர்ப்பலகை அடிக்க ஏலாது, அதாலதான் ஒருத்தரும் குடுக்கிறதில்லை எண்டு நினைக்கிறன்.

பிரித்தானியாவில என்ன நடந்தது எண்டு பாருங்கோ, லண்டனில இருக்கிற எங்கட ஆக்களுக்கு இது கட்டாயம் தெரியோணும். 2001ல அங்க அரசாங்கமும் கான்சர் தருமநிதியங்களும் கொம்பனிகளும் சேர்ந்து ஒரு தேசிய புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் எண்டு வைச்சவை. முதல் செய்த வேலை, ஆர் எதுக்கு எவ்வளவு குடுக்கினம் எண்டு எல்லாக் கணக்கையும் ஒரே மேசையில போட்டுப் பார்த்தது. பார்த்தால் கான்சர் வராமல் தடுக்கிற ஆய்வுக்குப் போனது 2 சதவீதமளவில. தனித்தனியாக் காசு குடுக்கேக்க ஒருத்தருக்கும் அது தெரியேல்லை. தெரிஞ்ச பிறகு 2004ல தடுப்பு ஆய்வுக்கு எண்டே தனிச் சேர்மானம் ஒண்டு வந்தது. அதே காலத்தில சாதாரண ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆய்வு நேர்ஸ்மாரையும் தரவு எழுதுறவையையும் சம்பளம் குடுத்துப் போட்டினம், மூண்டு வருசத்தில ஆய்வில சேர்ந்த நோயாளிகள் ரெட்டிப்பானவை. அந்த நிறுவனத்தை 2023ல மூடிப் போட்டினம், எனக்கு அது கவலைதான், ஆனால் அவை காட்டின வழி மூடேல்லை.

அதால வெளிநாட்டில இருந்து ஊர்ச் சங்கம் வைச்சுக் காசு அனுப்புறவையிட்ட நான் கேக்கிறது இதுதான். அடுத்த முறை மிஷினுக்குச் சேர்க்க முதல், ஒரு மாவட்டத்துக்கு ஒரு தரவு சேகரிப்பாளரை மூண்டு வருசத்துக்கு வைக்க என்ன செலவு எண்டு யாழ்ப்பாண மருத்துவ பீடத்திட்டயோ மாவட்டச் சுகாதாரப் பணிமனையிட்டயோ எழுதிக் கேளுங்கோ. ஒரு வருசம் இல்லை, மூண்டு வருசம், ஒரு வருசக் கணக்கால ஒண்டும் சொல்ல ஏலாது. தனியாள் எக்கவுண்டுக்குக் காசு போடாதேங்கோ, எவ்வளவு நல்ல மனுசனா இருந்தாலும். எதிக்ஸ் அனுமதிக் கடிதம், செலவுத் திட்டம், வருசா வருசம் கணக்கறிக்கை, இந்த மூண்டும் வராமல் ரெண்டாம் தவணையை அனுப்பாதேங்கோ. நாலு ஊர்ச் சங்கம் தனித்தனியா நாலு சின்ன வேலைக்குக் குடுக்கிறதை விட நாலும் சேர்ந்து ஒண்டைச் செய்யிறது நல்லம், முதல் மேசையில இருந்து ஆர் எதுக்குக் குடுக்கிறம் எண்டு ஒரு தாளில எழுதிப் பாருங்கோ.

கடைசியா, எங்கட மாவட்டத்துக் கணக்கு இப்ப எப்பிடி இருக்கு எண்டு கேட்டு எடுக்கிற வழி. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கு, இலங்கைக் குடியுரிமை உள்ள எவரும் கேக்கலாம், ஏன் கேக்கிறாய் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில எழுதலாம். மாவட்டத்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின்ர தகவல் அலுவலருக்கு ஒண்டு, கொழும்பில கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்கு ஒண்டு போடுங்கோ. ஆக்களின்ர பேர் விபரம் கேக்காதேங்கோ, தர மாட்டினம், தரவும் கூடாது. எண்ணிக்கையைக் கேளுங்கோ. இப்பிடி எழுதலாம்:

"கடந்த 5 வருடங்களில் முல்லைத்தீவு மாவட்டத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்களில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டுப் பதிவு செய்யப்பட்டோரின் எண்ணிக்கையை, வருடம், புற்றுநோய் வகை, ஆண் பெண் என்ற பிரிப்புகளுடன் தரவும். இதே காலப்பகுதியில் புற்றுநோய் ஆய்வுக்கென உங்கள் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகையையும் செலவான தொகையையும் தரவும். இம்மாவட்ட மக்கள் உள்வாங்கப்பட்ட ஆய்வுகள் இருப்பின் அவற்றின் தலைப்புகளைத் தரவும்."

மாவட்டப் பேரை மாத்திப் போடுங்கோ, கிளிநொச்சி, மன்னார், வவுனியா எல்லாத்துக்கும் இதுவே பொருந்தும். பதிவுத் தபாலில அனுப்புங்கோ, நேர குடுத்தால் கிடைச்சது எண்டு ஒரு கையெழுத்து வாங்குங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்ட முடிவைச் சொல்லோணும். இல்லை எண்டால், அல்லது பதிலே இல்லை எண்டால், அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு போடலாம், அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு. நாள் கணக்குத் தவறினால் உங்கட பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் திரும்ப முதல்ல இருந்து தொடங்க வேண்டி வரலாம். அதால பதில் வந்தால் கவரைக் கிழிச்சு எறியாதேங்கோ, தபால் முத்திரைத் திகதி அதிலதான் இருக்கும், கடிதத்தோட சேர்த்துக் குத்தி வையுங்கோ.